வரைகலை இயக்கியும் நம் இளைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவென்றால் இசையரங்கு உண்டு, நாடகம் உண்டு, சிறுவர்க்குப் பரிசளிப்பு உண்டு. இவற்றினிடையே கணினியைப் பற்றி ஒரு பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் குடியிருப்பில் பொறியியலோ கணினிக் கல்வியோ பயிலும் பிள்ளை இல்லாத வீடு அரிது. அப்பிள்ளைகள் பெரியோரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வேலை கேட்டுப் போனால் அனுபவம் உண்டா என்கிறார்கள். வேலையே தராவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்?" என்பதே அக்கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. பெரியோராகிய நாம் இதற்குப் பெரும்பாலும் பெருமூச்சையே விடையாகத் தருகிறோம். இன்று வேறொரு விடையைத் தர முயல்வோம்.

கட்டற்ற மென்பொருள் என்னும் துறையில் எவரும் நுழையலாம்; பட்டமோ பரிந்துரையோ கேட்பாரில்லை. அத்துறையிலும் மிகக் கடினமானது என்று இளைஞர் அஞ்சி ஒதுங்கும் பகுதி ஒன்று உண்டு. அதுதான் வரைகலை இயக்கி. ஆங்கிலத்தில் கிராபிக்ஸ் டிரைவர் என்பர். அஞ்சத்தக்கது என்று கருதப்படும் அவ்விடத்திலேயே புதியவர் எவ்வாறு காலெடுத்து வைப்பது என்பதைக் காண்போம். அங்கே வழி தெரிந்துவிட்டால் மற்ற இடங்களில் வழி தெரிவது எளிது.

இயக்கி என்பது யாது?

முற்காலத்தில் துபாஷி என்றொருவர் இருந்தார். இரு மொழியும் அறிந்து, வணிகர்க்கும் அயலார்க்கும் நடுவே நின்று பேச்சைக் கொண்டுகொடுத்தவர் அவர். நாம் இந்நகருக்குப் புதிதாக வந்தபோது, ரேஷன் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நம்முடன் வந்து, நாம் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை நமக்கும் எடுத்துரைத்த அண்டை வீட்டாரும் ஒருவகைத் துபாஷியே. கணினியில் அத்தொண்டைச் செய்வதுதான் இயக்கி.

கணினியினுள்ளே படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு ஒன்று உண்டு. "இங்கே ஒரு முக்கோணம் வரைக, அதற்கு இவ்வண்ணம் தருக" என்று மென்பொருள் பொதுமொழியில் கேட்கிறது. ஓப்பன்ஜிஎல், வல்கன் என்பன அப்பொதுமொழிகள். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் சில்லும் தனக்கென ஒரு மொழி பேசுகிறது. பொதுமொழியைச் சில்லின் மொழியாக மாற்றித் தருவது இயக்கியின் கடமை.

லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வியக்கி இரு பாகங்களாக அமைந்துள்ளது. ஒன்று கெர்னல் என்னும் உட்கருவில் இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடுவது, பல மென்பொருள்களின் கட்டளைகளை வரிசைப்படுத்திச் சில்லுக்கு அனுப்புவது, திரையை ஒளிரச் செய்வது, ஒருவர் இடத்தில் இன்னொருவர் புகாமல் காப்பது ஆகியவை அதன் பணி. இப்பகுதியை டிஆர்எம் என்பர். மற்றொன்று வெளியே இருப்பது. மொழிபெயர்ப்பு வேலையெல்லாம் அதனுடையது. அதற்கு மேசா என்று பெயர்.

வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய மாளிகை

மேசாவின் வரலாறு நம் மாணவர்கள் அறியத்தக்கது. சிலிக்கான் கிராபிக்ஸ் என்னும் நிறுவனம் 1992-இல் ஓப்பன்ஜிஎல்லை வெளியிட்டது. அது விலையுயர்ந்த இயந்திரங்களுக்கு உரியதாக இருந்தது. 1993-இல் பிரையன் பால் என்பவர், அப்பொதுமொழியைத் தாமே நிரலாக எழுதிப் பார்க்கலாம் என்று தம் ஓய்வு நேரத்தில் தொடங்கினார். 1995-இல் அதனை அனைவர்க்கும் வெளியிட்டார். ஒருவரது ஓய்வுநேர முயற்சியாகப் பிறந்த அம்மேசாவே இன்று லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் படம் வரைகிறது. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது.

சில்லு செய்யும் நிறுவனங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே தம் இரகசியங்களைத் திறந்துவிடவில்லை. என்விடியா நிறுவனத்தின் சில்லுகளுக்குப் போதிய ஆவணங்கள் வெளியே கிடைக்காத காலத்தில், 2005-06 அளவில் நூவோ என்னும் திட்டம் தோன்றியது. நிறுவனத்தின் மூடிய இயக்கியிடம் ஒரு படத்தை வரையச் சொல்வர். அது சில்லுக்கு என்ன கட்டளை அனுப்புகிறது என்று பதிவு செய்வர். பிறகு படத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கட்டளையில் எது மாறிற்று என்று நோக்குவர். சந்தையில் கடைக்காரர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நம் பாட்டிமார் இவ்வூர் மொழியைக் கற்றுக்கொண்டது எவ்வாறோ அவ்வாறே இதுவும் நிகழ்ந்தது. இதில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்பதிவுகளைச் சேர்ப்பதற்கு ஒரு சிறு கருவியை எழுதி வெளியிட்டார்கள். உலகின் பல மூலைகளில் இருந்த சாதாரண மக்கள் தத்தம் கணினியில் அதனை இயக்கி, கிடைத்த பதிவுகளை அனுப்பி உதவினார்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் அவ்வாறு பங்கு பெற்றனர். நூவோ 2010 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.33 என்னும் லினக்ஸ் பதிப்பில் இடம் பெற்றது.

ஏஎம்டி நிறுவனம் 2007-இல் தன் சில்லுகளின் ஆவணங்களை வெளியிட முன்வந்தது. கைப்பேசிகளிலும் சிறு பலகைக் கணினிகளிலும் உள்ள மாலிச் சில்லுகளுக்குப் பான்ஃபிராஸ்ட் என்னும் இயக்கி எழுந்தது. அதனைத் தொடங்கி நடத்தியவர்களுள் முதன்மையானவரான அலிசா ரோசன்ஸ்வைக் அப்போது மாணவப் பருவத்தினர். அவ்வியக்கி 2019-இல் லினக்ஸ் 5.2 பதிப்பிலும் மேசா 19.1 பதிப்பிலும் சேர்ந்தது. 2022 மே மாதத்தில் என்விடியாவும் தன் கெர்னல் பகுதி இயக்கியின் மூலத்தைத் திறந்து வெளியிட்டது. வெளியில் நின்றவர்கள் பொறுமையோடு கட்டிய கட்டடத்தினுள் நிறுவனங்களும் பின்னர் வந்து சேர்ந்தன என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

நமக்கு இதனால் என்ன?

"அவர்கள் கட்டினார்கள், இருக்கட்டும். நம் வீட்டுக்கு இதனால் என்ன?" என்று கேட்கலாம்.

நம் வீடுகளில் பழைய கணினி ஒன்று பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கும். அதன் திரையும் விசைப்பலகையும் செம்மையாகவே இருக்கும். பின் ஏன் ஒதுக்கினோம்? "இதற்கு இனி இயக்கி வாராது" என்று செய்தவர் கைவிட்டிருப்பார். மூடிய இயக்கியின் ஆயுள் அதனைச் செய்தவரின் விருப்பத்தைப் பொறுத்தது. திறந்த இயக்கியோ, பேணுவார் ஒருவர் இருக்கும்வரை வாழும். 2002-இல் வெளிவந்த ரேடியான் ஆர்300 வகைச் சில்லுகளுக்கான இயக்கி, அச்சில்லுகளை விற்ற காலம் கழிந்து நெடுநாளாகியும் மேசாவில் பேணப்பட்டு வருகிறது. சில தனியர் அதன்மீது வைத்த அக்கறையே அதற்குக் காரணம்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2022-இல் மேசாவின் 22.0 பதிப்பு வெளிவந்தபோது மிகப் பழைய இயக்கிகள் சிலவற்றை முதன்மைத் தொகுதியிலிருந்து நீக்கி, ஆம்பர் என்னும் தனிக் கிளையில் வைத்துவிட்டார்கள். பேணுவார் குறைந்தால் திறந்த வீடும் பாழடையும். ஆகையால் ஆள் வேண்டியிருக்கிறது. புதியவர் வருகை அங்கே உபசாரத்துக்காக விரும்பப்படுவதன்று. அது இல்லாமல் வேலை நடவாது.

மூன்று அச்சங்கள்

இளைஞரைத் தடுப்பவை மூன்று அச்சங்கள்.

முதலாவது, "கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டுமே" என்பது. முப்பரிமாணக் கணிதம் தேவைப்படும் பகுதிகள் உண்டு. ஆயினும் இயக்கியின் பெரும்பகுதி கணக்கு வைத்தல், வரிசைப்படுத்தல், சரிபார்த்தல் ஆகிய பணிகளே. சி மொழியில் தெளிவு வேண்டும். சுட்டிகள் எனப்படும் பாயின்டர்களைக் கண்டு மருளாதிருக்க வேண்டும். கிட் என்னும் பதிப்புக் கருவியைக் கையாளத் தெரிய வேண்டும். ரஸ்ட் என்னும் புதிய மொழிக்கு 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 பதிப்பு கதவைத் திறந்தது; புதிய இயக்கிகள் சில அம்மொழியில் எழுதப்படுகின்றன. எனினும் சி அறியாமல் இங்கு நெடுந்தொலைவு போக முடியாது.

இரண்டாவது, "விலையுயர்ந்த கார்டு வாங்கினால் அன்றோ இயலும்?" என்பது. வேண்டுவதில்லை. மேசாவில் சாஃப்ட்பைப், எல்எல்விஎம்பைப் என்று இயக்கிகள் இருக்கின்றன. அவை வரைகலைச் சில்லே இல்லாமல் கணினியின் பொதுச் செயலியைக் கொண்டே படம் வரைவன. கெர்னலிலோ விகேஎம்எஸ் என்றொரு இயக்கி உண்டு. இல்லாத திரையை இருப்பதாகப் பாவித்து நடப்பது அது. நடனம் பழகும் சிறுமிக்கு மேடை எதற்கு? கூடம் போதும். இவ்வியக்கிகள் அத்தகைய பயிற்சிக் கூடங்கள்.

மூன்றாவது, "ஆங்கிலத்தில் பெரியவர்களிடம் எவ்வாறு பேசுவது?" என்பது. அங்கே உழைப்போர் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. சிறு சிறு வாக்கியங்களாக, செய்தியை மட்டும் எழுதினால் போதும். அயல்மொழி சூழ்ந்த ஊரில் வாழ்க்கை நடத்திக் காட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வச்சம் ஆகாது.

தொடங்கும் முறை

இனி வழியைப் படிப்படியாகச் சொல்வோம்.

முதற்படி, தன் வீட்டை அறிதல். நம் கணினியில் எச்சில்லு இருக்கிறது, எவ்வியக்கி ஓடுகிறது, அதன் பதிப்பு யாது என்று காண வேண்டும். எல்எஸ்பிசிஐ, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ, வல்கன்இன்ஃபோ என்னும் கட்டளைகள் இவற்றைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி, மேசாவின் மூலத்தைப் பெற்றுத் தாமே தொகுத்தல். மெசான் என்னும் கருவி இதற்கு உதவும். பழைய கணினியில் முதல் தொகுப்புக்கு நெடுநேரம் ஆகலாம். தமக்கு வேண்டிய இயக்கியை மட்டும் தேர்ந்துகொண்டால் நேரம் வெகுவாகக் குறையும். கணினியில் ஏற்கெனவே உள்ள இயக்கியை அழித்துவிட்டு அவ்விடத்தில் இதனை வைக்கலாகாது. தனி அடைவில் தொகுத்து, அங்கிருந்தே ஓட்டிப் பார்க்க வழி உண்டு. நாம் தொகுத்ததுதான் ஓடுகிறதா என்பதைப் பதிப்பு எண்ணைக் கண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இச்சிறு சரிபார்ப்பைச் செய்யாதவர்கள், தாம் மாற்றிய நிரல் ஏன் பயன் தரவில்லை என்று வீணே மயங்குவர்.

மூன்றாம் படி, வேண்டுமென்றே ஒன்றைக் கலைத்துப் பார்த்தல். ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்றொரு சிறு நிரல் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பல்சக்கரங்கள் திரையில் சுழலும். அதனைச் சாஃப்ட்பைப் இயக்கியில் ஓட்டுக. பிறகு வண்ணத்தை எழுதும் இடத்தைத் தேடிச் சென்று, சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றுக. சிவப்புச் சக்கரம் நீலமாகச் சுழலத் தொடங்கும் அந்நேரத்தில், இவ்வளவு பெரிய நிரல் தொகுதியில் நம் கை எங்கே இருக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடும். இலட்சக்கணக்கான வரிகளை முழுதும் படித்து முடித்தபின் தொடங்குவோம் என்பார் ஒருநாளும் தொடங்குவதில்லை. ஒரு கட்டளையை மட்டும் பின்தொடர்ந்து, அது மென்பொருளில் புறப்பட்டுத் திரையில் சேரும்வரை உடன் நடப்பதே படிக்கும் முறை.

நான்காம் படி, பிழையைச் செம்மையாக அறிவித்தல். இதனைச் சிறு வேலை என்று எண்ணற்க. "படம் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதினால் எவர்க்கும் பயனில்லை. எச்சில்லு, எப்பதிப்பு, எம்மென்பொருள், என்ன செய்தால் பிழை தோன்றுகிறது, எப்பதிப்பு வரை நன்றாக இருந்தது என்று எழுத வேண்டும். முன்பு நன்றாயிருந்து இடையில் கெட்டதாயின், கெடுத்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கிட் பைசெக்ட் என்னும் அருமையான முறை இருக்கிறது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே 1,000 மாற்றங்கள் இருப்பதாகக் கொள்வோம். நடுவில் உள்ளதைத் தொகுத்துச் சோதித்தால் பாதி கழிந்துவிடும். மீண்டும் பாதி, மீண்டும் பாதி என்று போனால், ஏறத்தாழ 10 சோதனைகளில் குற்றவாளி அகப்படுவான். இதற்கு நிரல் எழுதும் புலமை வேண்டா, பொறுமை வேண்டும். அக்கார்டு தம்மிடம் இல்லாத வல்லுநர்க்கு, அது உடைய ஒருவர் செய்து தரும் இவ்வுதவி பேருதவியாகும்.

ஐந்தாம் படி, சிறு திருத்தம் ஒன்றை மேற்கொள்ளுதல். லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களில் வரைகலைப் பகுதிக்கென்று, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை, வல்லுநர்நிலை எனத் தரம் பிரிக்கப்பட்டு, யாரைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பும் தரப்பட்டிருக்கிறது. தொடக்கநிலையில் இடம்பெற்ற ஒரு வேலையை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். இயக்கிகள் அவ்வப்போது செய்திக் குறிப்பு எழுதும். பழைய முறையில் எழுதும் குறிப்பில், கணினியில் இரண்டு கார்டுகள் இருந்தால் எக்கார்டு அதனைச் சொல்லிற்று என்பது விளங்காது. சாதனத்தின் பெயரோடு எழுதும் புதிய முறைக்கு அவற்றை மாற்றுவதே அவ்வேலை. எளியதுதான், ஆனால் பிழை தேடுவோர்க்கு விளக்கேற்றி வைப்பது. வேலையைத் தொடங்குமுன் குறிப்பிட்டவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்வது நன்று. ஒரே வேலையை இருவர் செய்து ஒருவர் மனம் நோக வேண்டியதில்லை.

ஆறாம் படி, சோதித்தல். மேசாவுக்குப் பிக்லிட், டிஈக்யூபி என்றும், கெர்னலுக்கு ஐஜிடி என்றும் சோதனைத் தொகுதிகள் உண்டு. நம் திருத்தம் ஒன்றைச் சீராக்கி இன்னொன்றைக் கெடுத்துவிடவில்லை என்பதை இவற்றால் அறிய வேண்டும். கெர்னலை மாற்றிப் பார்ப்போர், கணினியினுள்ளே கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில் சோதித்தல் காப்பானது.

அனுப்பும் ஒழுங்கு

திருத்தத்தைப் பேட்ச் என்பர். மேசாவின் பேட்ச்கள் கிட்லேப் என்னும் தளத்தின் வழியே ஏற்கப்படுகின்றன. கெர்னலின் பேட்ச்கள் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில் அனுப்பப்படுகின்றன. அலங்காரமில்லாத வெற்றெழுத்தாக அவை இருத்தல் வேண்டும். எழுத்து நடையைச் சரிபார்க்கச் செக்பேட்ச் என்றும், யாருக்கு அனுப்புவது என்று சொல்ல கெட்மெயின்டெய்னர் என்றும் சிறு கருவிகள் கெர்னலுடனேயே வருகின்றன.

ஒரு பேட்ச் ஒரு செயலை மட்டும் செய்ய வேண்டும். அதன் தலைப்பு எந்த இயக்கியைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். கீழே எழுதும் விளக்கம், என்ன மாற்றினோம் என்பதைக் காட்டிலும் ஏன் மாற்றினோம் என்பதைச் சொல்ல வேண்டும். மாற்றம் நிரலிலேயே தெரியும். காரணம் எழுதினால்தான் தெரியும். இறுதியில் சைன்ட்-ஆஃப்-பை என்று நம் பெயரை இட வேண்டும். 2004 முதல் கெர்னலில் வழங்கிவரும் உறுதிமொழி அது. "இது என் உழைப்பு, அல்லது இதனை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு" என்பது அதன் பொருள். கையெழுத்தைப் போன்றே இதனையும் மதிக்க வேண்டும்.

இக்காலத்தில் கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துள்ளன. அவற்றின் உதவியை எவ்வாறு கொள்வதென்று ஒவ்வொரு திட்டத்தின் விதியையும் பார்த்தறிய வேண்டும். விதி எதுவாயினும் ஒன்று நிச்சயம்: தமக்கே விளங்காத நிரலைத் தம் பெயரிட்டு அனுப்புவார், படித்துப் பார்ப்பவரின் நேரத்தைக் கவர்கிறார், தாமும் ஒன்றும் கற்பதில்லை.

அனுப்பியபின் காத்திருக்க வேண்டும். படிப்போர் சிலர், வரும் பேட்ச்கள் பல. ஓரிரு வாரம் மறுமொழி வாராதிருக்கலாம். அப்பால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். மறுமொழி வரும்போது புகழுரை இராது, "இது ஏன்? அது தவறு; இவ்வாறு செய்க" என்றே இருக்கும். நம் பிள்ளைகள் பலர் இவ்விடத்தில்தான் மனமொடிந்து திரும்பிவிடுகின்றனர். சிறு வயது முதல் மதிப்பெண்ணைக் கொண்டே தம்மை அளந்து பழகியதால், திருத்தச் சொல்வதைத் தோல்வி என்று கொள்கின்றனர். உண்மையில், ஒருவர் நம் நிரலை வரிவரியாகப் படித்துக் குறை சொன்னார் என்றால், அதனை ஏற்கத்தக்கதாக்க அவர் உழைக்கிறார் என்றே பொருள். பல்லாண்டு தேர்ந்தவர்களின் பேட்ச்களும் இரண்டாம், மூன்றாம், நான்காம் வடிவம் என்று திருந்தியே சேர்கின்றன. கேட்ட ஒவ்வொரு வினாவுக்கும் விடையெழுதி, திருத்திய வடிவில் என்ன மாறிற்று என்று குறித்து மீண்டும் அனுப்புக.

தொடக்கத்தில் தவிர்க்க வேண்டியன சில உண்டு. இடைவெளியையும் எழுத்துப் பிழையையும் மட்டும் திருத்தும் பேட்ச்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கலாகாது. முறை பழக ஒன்றிரண்டு போதும். "எனக்கு ஏதேனும் வேலை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இதனைத் தொகுத்தேன், இவ்விடத்தில் இவ்வாறு நின்றது, இன்னது முயன்றேன்" என்று கேட்பதற்கே மறுமொழி கிடைக்கும். முதலிலேயே புதிய இயக்கி எழுதுவேன் என்று புறப்படுவதும் ஆகாது.

துணை செய்வார்

உதவித்தொகையோடு கற்கும் வாய்ப்புகளும் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடந்துவருகிறது. அவுட்ரீச்சி என்னும் திட்டம், இத்துறையில் போதிய இடம் பெறாத பெண்டிர் முதலானோரை முன்னிறுத்துவது. எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை, எண்ட்லெஸ் வெகேஷன் ஆஃப் கோட் என்ற பெயரில் மாணவர்க்கு உதவி அளித்து வந்துள்ளது. முன்சொன்ன விகேஎம்எஸ் இயக்கி 2018-இல் கெர்னலில் சேர்ந்து வளர்ந்தது இத்தகைய திட்டங்களில் வந்த புதியவர்களின் உழைப்பாலேயாம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே சிறு திருத்தமேனும் செய்து காட்டியவர்க்கே வாய்ப்பு மிகுதி. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டால், அது செய்தவர் பெயரோடும் நாளோடும் பதிப்பு வரலாற்றில் நிலைக்கிறது. அதனை யார் படித்துச் சரிபார்த்தார், யார் சோதித்தார் என்பதும் அருகே இருக்கிறது. வேலை தருவோர் அதனைத் திறந்து பார்க்கலாம். இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹாட் முதலிய நிறுவனங்களும், கொலாபோரா, இகாலியா போன்ற ஆலோசனை நிறுவனங்களும் இத்துறையில் ஊதியம் தந்து ஆட்களை அமர்த்துகின்றன. இதனால் எல்லார்க்கும் வேலை நிச்சயம் என்று சொல்வது பொய்யாகும். அனுபவம் உண்டா என்ற கேள்விக்குக் காட்டுதற்கு ஒன்று கையில் இருக்கும் என்பது மட்டும் மெய்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இரவில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தால், "இதற்கு எவ்வளவு தருவார்கள்?" என்று முதல் மாதத்திலேயே கேளாதீர்கள். பயன் விளைய ஓராண்டு ஆகலாம். பாட்டு வகுப்புக்கு அனுப்பிய ஆறாம் மாதத்தில் கச்சேரி எப்போது என்று நாம் கேட்பதில்லையே! அதே வேளையில், பட்டப் படிப்பைப் புறக்கணித்து இதில் மூழ்கவும் விடாதீர்கள். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம், இடைவிடாமல் கிடைத்தால் போதும்.

கணவர்க்கு மாற்றலாகும்தோறும் ஊர் மாறி, பார்த்துவந்த பொறியாளர் வேலையை விட்டுவிட்ட சகோதரிமார் நம் குடியிருப்பில் உண்டு. கற்ற கல்வி கையைவிட்டு நழுவுகிறதே என்ற ஏக்கம் அவர்கள் உள்ளத்தில் இருப்பதை நாம் அறிவோம். இவ்வேலைக்கு வாயிற்கதவு மூடும் நேரமில்லை. ஊர் மாறினாலும் செய்தவை அழிவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் வீட்டு வேலையிலிருந்து விடுதலை அளிப்பது வீட்டிலுள்ள மற்றவர் கடமை.

சங்கத்தின் செயற்குழுவினர்க்கும் ஒன்று சொல்வோம். நம் படிப்பகத்தில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மாலைகளை இதற்கு ஒதுக்கலாம். வீடுகளில் பயனற்றுக் கிடக்கும் பழைய கணினிகளைச் சேர்த்து, லினக்ஸ் நிறுவி, வெவ்வேறு சில்லுகளில் சோதனை செய்யும் இடமாக ஆக்கலாம். உலகில் பலரிடமும் இல்லாத பழஞ்சில்லு ஒன்று நம் பரணில் இருக்கக்கூடும். அதில் ஓடிய ஒரு சோதனையின் முடிவுக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கக்கூடும். ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியோர் நிரல் அறியாராயினும், இளைஞர் எழுதும் விளக்கத்தைப் படித்து, "எனக்கு விளங்கவில்லை, இன்னும் தெளிவாக எழுது" என்று சொல்லலாம். அது மிகப் பெரிய உதவி.

இளைஞர்களே! இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றே: உங்கள் கணினியில் எவ்வியக்கி ஓடுகிறது என்று பாருங்கள். அடுத்த ஞாயிறு அதன் மூலத்தைப் பெற்றுத் தொகுத்துப் பாருங்கள். தடை நேர்ந்தால், நேர்ந்ததைக் குறித்துக்கொண்டு படிப்பகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.